படத்தின் முதுகில் எழுதியிருப்பது



உங்கள் வீட்டில் பழைய புகைப்படங்கள் இருக்குமானால், அவற்றில் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். "பெரியம்மா, தம்பி, காரைக்கால், 1961" என்று யாரோ பென்சிலால் எழுதியிருப்பார்கள். அந்த ஒரு வரி இருப்பதினால்தான் அது உங்கள் குடும்பத்தின் படம். அது இல்லாவிட்டால், யாரோ ஒரு அம்மாள், யாரோ ஒரு பையன். இன்னும் ஒரு தலைமுறை போனால் சொல்லுவதற்கு ஆள் இருக்காது.

இன்று செல்போனிலும் கேமராவிலும் எடுக்கிற படங்களுக்கு முதுகு கிடையாது. ஆனாலும் அவற்றோடு எழுத்து போகிறது. படத்தின் கோப்புக்குள்ளேயே, கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதியில், எந்தக் கேமரா, எந்த நாள், எத்தனை மணி, சில வேளைகளில் பூமியின் எந்த இடம் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. இதை மெட்டாடேட்டா என்கிறார்கள். தமிழில் மேனிலைத் தரவு என்றும் சொல்லுகிறார்கள். படத்தைப் பற்றிய தகவல் என்று வைத்துக்கொண்டால் போதும். அதை வாசிக்கவும் எழுதவும் ஒரு மென்பொருளை எப்படி ஒழுங்குபடுத்தி வைப்பது என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம். கம்ப்யூட்டர்க்காரருக்கு மட்டுமே உரியது என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நம்முடைய புதுச்சேரியிலேயே இதன் அருமை விளங்கியிருக்கிறது.

ஒரு தேதி செய்த வேலை

கடற்கரையை ஒட்டி, செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1955-இல் தொடங்கப்பட்டது. மறு ஆண்டிலிருந்தே அதன் ஆட்கள் தென்னிந்தியாவின் கோவில்களுக்குச் சென்று சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் கட்டடங்களையும் ஒவ்வொன்றாகப் படம் பிடித்து வந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இவ்விதமாகச் சேர்ந்தன. வழி சரியில்லாத, பூசையும் நின்றுபோயிருந்த சிற்றூர்க் கோவில்களும் அவற்றில் உண்டு.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் உள்ள பிரகதீஸ்வரர் கோவிலின் நடராஜர் சிலை 2006-இல் திருடப்பட்டது. 2008-இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அதைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். சிலை 1970-களின் தொடக்கத்திலேயே இந்தியாவை விட்டு வெளியேறிவிட்டது என்று அதற்கான பத்திரங்கள் சொல்லின. அந்த விவரம் உண்மையாயிருந்தால் ஒருவரும் கேள்வி கேட்டிருக்க முடியாது. ஆனால் புதுச்சேரி நிறுவனத்தில், 1994-இல் அதே சிலையை இந்தியாவிலேயே எடுத்த படம் இருந்தது! 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட் புதுடெல்லிக்கு வந்தபோது சிலையைத் திருப்பிக் கொடுத்தார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சிலையை அடையாளம் காட்டியது படம். ஆனால் பத்திரங்களைப் பொய்யாக்கியது தேதி. ஊரும் கோவிலும் நாளும் குறிக்கப்படாமல் அதே படம் ஒரு பெட்டியில் கிடந்திருந்தால், அது அழகான ஒரு நடராஜர் படம், அவ்வளவே.

காகிதத்திலே எழுதி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். காகிதம் நல்லதுதான். ஆனால் இந்தக் கடற்கரை ஊரின் ஈரக்காற்றும் கரையானும் நமக்குத் தெரியும். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பதிவேடு ஒரு அலமாரியிலும் படம் வேறொரு அலமாரியிலும் இருக்குமானால், ஒன்று போனால் மற்றதும் பாதி போன மாதிரிதான். படத்தை ஸ்கேன் செய்யும்போதே விவரத்தையும் கோப்புக்குள் எழுதிவிட்டால், எத்தனை பிரதி எடுத்தாலும் அத்தனையிலும் அது கூடவே போகும். பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு இதே நிறுவனம் பழைய தமிழ் ஸ்டுடியோ படங்களையும் மின்வடிவமாக்கியிருக்கிறது. கோவில் படத்திலாவது கல்வெட்டும் கோபுரமும் ஊரைக் காட்டிக்கொடுக்கும். ஸ்டுடியோ படத்தில் ஒரு திரை, ஒரு நாற்காலி, ஒரு பூச்சாடி. பெயரும் ஊரும் போனால் மீட்பதற்கு வழியே இல்லை.

மூன்று அறைகள்

படக்கோப்பின் உள்ளே தகவலுக்கு மூன்று அறைகள் உண்டு. மூன்றும் வெவ்வேறு காலத்தில் கட்டப்பட்டவை, ஆகவே வீடு கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது.

பழையது ஐ.பி.டி.சி. உலகப் பத்திரிகைச் செய்தி நிறுவனங்கள் 1990-களின் தொடக்கத்தில் ஏற்படுத்திக்கொண்டது. தலைப்பு, விளக்கம், எடுத்தவர், நகரம் என்று கட்டங்கள் உள்ள படிவம் போன்றது. அடுத்தது எக்ஸிஃப். ஜப்பானிய மின்னணுத் தொழில் அமைப்பு ஒன்று 1995-இல் வகுத்தது. கேமரா தானாகவே எழுதிக்கொள்ளுகிற தேதி, லென்ஸ், வெளிச்ச அளவு, இருப்பிடம் எல்லாம் இதில் சேரும். மூன்றாவது எக்ஸ்.எம்.பி. அடோபி கம்பெனி 2001-இல் கொண்டுவந்தது, பிற்பாடு சர்வதேசத் தரமாகவும் ஆனது. இது ஒன்றுதான் தொடக்கத்திலிருந்தே யூனிகோடை முழுமையாக ஏற்றுக்கொண்டது. நமக்கு அது முக்கியம், ஏனென்று பின்னால் வருகிறது.

இந்த மூன்று அறைகளையும் திறக்கிற சாவிதான் நாம் பேசப்போகிற மென்பொருள் நூலகம். நூலகம் என்றதும் 1827 முதல் புதுச்சேரியில் இருந்துவரும் ரொமேன் ரோலண்ட் நூலகத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். மற்ற மென்பொருள்கள் இரவல் வாங்கிப் பயன்படுத்துகிற, ஆயத்தமாக எழுதி வைத்த நிரல்களின் தொகுப்புக்கு அந்தப் பெயர். கனடாவின் ஃபில் ஹார்வி 2003-இல் வெளியிட்ட எக்ஸிஃப்டூல் அவற்றில் பெயர் பெற்றது. ஆண்ட்ரியாஸ் ஹூகல் 2004-இல் தொடங்கிய எக்ஸிவ்2 மற்றொன்று, டிஜிகேம், ஜிம்ப் போன்றவை உள்ளுக்குள் அதைத்தான் உபயோகிக்கின்றன. இரண்டுக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. நான் எக்ஸிஃப்டூலைப் பற்றியே அதிகம் சொல்லுகிறேன். ஆவண வேலைக்கு அது பொருத்தமானது என்பது என் அபிப்பிராயம்.

அமைப்புக் கோப்பு

எக்ஸிஃப்டூலை நிறுவியவுடனே அது வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு முறையும் நாம் விரும்புவதையெல்லாம் கட்டளையாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்க வேண்டும். இதைத் தவிர்க்கத்தான் அமைப்புக் கோப்பு. பயனாளரின் சொந்தக் கோப்புறையில் ஒரு குறிப்பிட்ட பெயருடன் அதை வைத்துவிட்டால், மென்பொருள் தொடங்குகிறபோதே அதை வாசித்துக்கொள்ளும். வேறு இடத்தில் வைத்திருந்தால் கட்டளையிலேயே இடத்தைச் சொல்லலாம். ஆனால் அந்தச் சொல் கட்டளையின் முதல் சொல்லாக இருக்க வேண்டும், இரண்டாவதாக வந்தாலும் பலிக்காது.

இந்தக் கோப்பில் வழக்கமான விருப்பங்களை ஒரு முறை எழுதி வைக்கலாம். அடிக்கடி கேட்கிற பத்துத் தகவல்களுக்குச் சேர்த்து ஒரு சுருக்கப் பெயர் வைக்கலாம். எல்லாவற்றிலும் பிரயோஜனமானது, சொந்தக் கட்டங்களை உண்டாக்கிக்கொள்ளும் வசதி. உலகப் படிவத்தில் நகரம் உண்டு, நாடு உண்டு. நெகட்டிவ் எண் ஏது? தெய்வத்தின் பெயருக்கும் கோவிலில் எந்தச் சந்நிதி என்பதற்கும் இடம் ஏது? இவற்றையெல்லாம் நாமே பெயரிட்டு எக்ஸ்.எம்.பி. அறையில் சேர்த்துக்கொள்ளலாம். இப்படிச் செய்கிறவர்கள் அந்த அமைப்புக் கோப்பையும் படங்களோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். நாம் உண்டாக்கிய கட்டத்தை இந்தக் கோப்பு இல்லாமலும் ஒருவிதமாக வாசிக்கலாம். திருத்தி எழுத வேண்டுமானால் கோப்பு வேண்டும். அதை எழுதியவர் வேலையை விட்டுப் போகும்போது கோப்பும் போய்விடக் கூடாது.

எக்ஸிவ்2-க்கும் ஓர் அமைப்புக் கோப்பு உண்டு. அதன் வேலை சிறியது. நம்முடைய லென்ஸின் பெயரை அது தவறாகக் காட்டினால், லென்ஸ் எண்ணுக்கு எதிரே சரியான பெயரை எழுதித் திருத்தலாம்.

இன்னொரு விஷயம். எக்ஸிஃப்டூல் ஒரு படத்தில் எதையாவது எழுதும்போது, பழைய கோப்பை வேறு பெயரில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் புதியதை எழுதும். பத்தாயிரம் படங்கள் என்றால் இருபதாயிரம் கோப்புகள் ஆகிவிடுமே என்று எண்ணி, அநேகர் முதல் நாளிலேயே இந்தக் காவலை எடுத்துவிடுகிறார்கள். ஹார்ட் டிஸ்க் மலிவு, 1956-இல் எடுத்த படம் மலிவல்ல. முதலில் ஐந்து படங்களில் சோதித்து, வேறொரு மென்பொருளிலும் திறந்து பார்த்து, எல்லாம் சரி என்று கண்ட பிறகு காவலை எடுக்கலாம்.

தமிழ் எழுத்தின் பாடு

இங்கேதான் நம்முடைய ஊர்க்காரருக்கு உண்மையான சங்கடம். கணினியில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். யூனிகோடு தமிழ் யூ.டி.எஃப்-8 முறையில் சேமிக்கப்படும்போது ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். உயிர்மெய் எழுத்தில் மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று என இரண்டு குறிகள் சேர்வது வழக்கம், ஆக ஆறு பைட்.

ஐ.பி.டி.சி. படிவத்தில் நகரத்துக்கு ஒதுக்கிய இடம் 32 பைட். "புதுச்சேரி" என்று எழுதினால் பத்துக் குறிகள், 30 பைட். அடங்குகிறது. "பாண்டிச்சேரி" என்று எழுதினால் பன்னிரண்டு குறிகள், 36 பைட். அடங்காது! எக்ஸிஃப்டூல் ஓர் எச்சரிக்கை கொடுத்துவிட்டு வெட்டிவிடும். "பாண்டிச்சே" என்பதோடு ஊர் முடிந்துபோகும். 2006-இல் அரசு ஊரின் பெயரை மாற்றியபோது இந்த வசதியை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். படம் எடுத்தவரின் பெயருக்கும் அதே 32 பைட்தான். தமிழில் தகப்பனார் பெயரோடு சேர்த்து எழுதினால் பாதிப் பெயர்தான் நிற்கும். சிறு எச்சரிக்கைகளைப் பொருட்படுத்தாதே என்று கட்டளை கொடுத்து முழுமையாக எழுத வைக்கலாம். அப்படி எழுதியதை மற்ற மென்பொருள்கள் எவ்வாறு எடுத்துக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வெட்டுப்படுவதைவிட மோசமானது, எழுத்தே அழிவது. ஐ.பி.டி.சி. அறையில் இன்ன எழுத்துமுறை என்று அறிவிக்க ஒரு கட்டம் உண்டு. அதில் யூ.டி.எஃப்-8 என்று குறிக்காவிட்டால், எக்ஸிஃப்டூல் மேற்கத்திய லத்தீன் எழுத்துமுறை என்றே எடுத்துக்கொள்ளும். லத்தீனில் தமிழ் எழுத்துக்கு இடம் இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறி எழுதப்படும். மூலப் பட்டியலும் தொலைந்திருந்தால் அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து பெயரை மீட்க ஒருவராலும் கூடாது. ஆகவே முதல் படத்தில் முதல் எழுத்தை எழுதுமுன் இதைச் சரிசெய்யுங்கள்.

எக்ஸிஃப் அறையும் நெடுங்காலம் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்கே உரியதாயிருந்தது. 2023-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் யூ.டி.எஃப்-8-க்கு அனுமதி கிடைத்தது. பழைய மென்பொருள்கள் அதை அறியா. எனவே என் யோசனை இது: தமிழ் விளக்கங்களை எக்ஸ்.எம்.பி. அறையிலேயே முதன்மையாக எழுதுங்கள். அங்கே நீளத்துக்குக் கட்டுப்பாடு இல்லை. ஒரே விளக்கத்தைப் பல மொழிகளில், இது தமிழ், இது பிரெஞ்சு, இது ஆங்கிலம் என்று குறித்து அருகருகே வைக்கலாம். மூன்று மொழிகளிலும் வீதிப் பெயர்ப் பலகையைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமானது எது?

பட்டியலை எக்ஸெல்லில் தயாரித்து, அதைக் காற்புள்ளிக் கோப்பாகச் சேமித்து, ஆயிரம் படங்களுக்கும் ஒரே கட்டளையில் விவரம் ஏற்றுவது பலருடைய வழக்கம். நல்ல முறைதான். சேமிக்கும்போது யூ.டி.எஃப்-8 என்று இருக்கிற வகையைத் தெரிந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே தமிழ் கேள்விக்குறியாகிவிடும். 1990-களில் பாமினி முதலிய எழுத்துருக்களில் அடித்த பட்டியல்கள் இன்னும் அநேகரிடம் இருக்கின்றன. அவை கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினாலும் உள்ளே வெறும் ஆங்கில எழுத்துக்கள். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும்.

எந்த நாள்?

ஸ்கேன் செய்த படத்துக்கு இரண்டு தேதிகள் உண்டு. கேமராவில் எடுத்த நாள் ஒன்று, ஸ்கேன் செய்த நாள் மற்றொன்று. எக்ஸிஃப் அறையில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது. நாம் எழுதாமல் விட்டால் கோப்பில் நிற்பது ஸ்கேன் செய்த நாள் மட்டுமே. ஐம்பது வருஷம் கழித்து ஒருவர் திறந்து பார்த்தால், அந்தக் கோவில் 2015-இல் அப்படி இருந்தது என்று நினைத்துக்கொள்ளுவார். ஸ்ரீபுரந்தானில் 1994 என்ற எண் என்ன செய்தது என்று மேலே கண்டோம்.

எடுத்த வருஷம் மட்டும் தெரியும், மாதமும் நாளும் தெரியாது என்றால்? பலர் ஜனவரி 1 என்று போட்டுவிடுகிறார்கள். அது பொய். நாளைக்கு அதைப் பார்க்கிறவருக்கு, அது உண்மையாகவே புத்தாண்டு நாளில் எடுத்ததா, தெரியாமல் போட்டதா என்று விளங்காது. எக்ஸ்.எம்.பி. அறையில் வருஷத்தை மட்டும், அல்லது வருஷத்தையும் மாதத்தையும் மட்டும் எழுத அனுமதி உண்டு. தெரிந்ததை மட்டும் எழுதி மற்றதை விட்டுவிடுங்கள்.

எழுதக் கூடாத தகவல்

இதுவரை தகவலைச் சேர்ப்பதைப் பற்றிச் சொன்னேன். எடுத்துவிட வேண்டிய தகவலும் உண்டு.

2012 டிசம்பரில் போலீசாருக்குத் தப்பி மறைந்திருந்த ஜான் மெக்காஃபி என்ற மென்பொருள் தொழிலதிபரின் படத்தை ஒரு பத்திரிகை வெளியிட்டது. செல்போன் படத்துக்குள் இருந்த இருப்பிடக் குறிப்பு, அவர் குவாதமாலாவில் இன்ன இடத்தில் இருக்கிறார் என்று உலகத்துக்கே சொல்லிவிட்டது. அவர் மறைந்திருந்தது அவர் பாடு. ஆனால் மருத்துவமனையில் நோயாளி ஒருவரின் படத்தை அவருடைய சம்மதத்தோடு எடுத்து, பெயரை மாற்றி, ஊரைச் சொல்லாமல் வெளியிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வீட்டு வாசலில் எடுத்த அந்தப் படத்துக்குள் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருக்குமானால், தெருவையே சொல்லிவிட்டோம். தொழுநோயும் காசநோயும் எச்.ஐ.வி.யும் ஒரு குடும்பத்தை ஊரில் எப்படித் தலைகுனிய வைக்கும் என்பதை இதை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் தபால்தலை அளவில் ஒரு சிறு பிரதியையும் வைக்கிறது. முகத்தை மறைத்தோ வெட்டியோ பெரிய படத்தைத் திருத்தினாலும், சில மென்பொருள்கள் இந்தச் சிறு பிரதியை மாற்றுவதில்லை. உள்ளே பழைய முகம் அப்படியே இருக்கும்.

வெளியே அனுப்பும் பிரதிக்கு எல்லாத் தகவலையும் நீக்கும் கட்டளை எக்ஸிஃப்டூலில் உண்டு. அதைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால், படம் எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்க வேண்டும் என்ற குறிப்பும் நிறங்களுக்கான குறிப்பும் சேர்ந்தே போகும். பிறகு அச்சகத்திலிருந்து படம் பக்கவாட்டில் படுத்திருக்கிறதே என்று போன் வரும். இருப்பிடம், சிறு பிரதி, கேமராவின் வரிசை எண் இவற்றை நீக்கு, நிமிர்வையும் நிறத்தையும் எடுத்தவர் பெயரையும் வைத்துக்கொள் என்று ஒரு கட்டளைக் கோப்பில் வரிசையாக எழுதி வைத்துவிட்டால், அதை ஒவ்வொரு முறையும் அழைத்தால் போதும். மூலப்படத்தில் ஒன்றையும் நீக்க வேண்டாம், பிரதியில் மட்டும் நீக்குங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இவை பெரும்பாலும் தானே போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். தரம் குறையாதிருக்க டாக்குமெண்டாக அனுப்புங்கள் என்று அச்சகத்தார் கேட்பது வழக்கம், அங்கேதான் கவனம் தேவை.

காவல் இல்லாத சிற்றூர்க் கோவில் சிலைகளின் படங்களுக்கும் இதே விதி நல்லது. ஆவணக் காப்பகத்தில் உள்ள பிரதியில் இடம் துல்லியமாக இருக்கட்டும். எல்லாரும் பார்க்கும் பிரதியில் மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இது சாட்சியாகுமா?

நாமே இத்தனை எளிதாக எழுத முடியுமானால், பொய்யரும் எழுத முடியும் அல்லவா? முடியும். 1994 என்று யார் வேண்டுமானாலும் எந்தப் படத்திலும் எழுதலாம். ஆகவே கோப்புக்குள் இருக்கும் தேதி மட்டும் தனியே நின்று எதையும் நிரூபிக்காது. நெகட்டிவ், அதன் எண், அந்நாளைய பதிவேடு, அவற்றைக் காத்து வந்த நிறுவனம் ஆகிய இவை பின்னால் நிற்கும்போதுதான் அதற்கு மதிப்பு. மெட்டாடேட்டா அவற்றையெல்லாம் படத்தோடு கட்டி வைக்கிற நூல் போன்றது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின்படி, மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்கும்போது கொடுக்கிற சான்றிதழில் அதன் ஹாஷ் எண்ணையும் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு எழுத்து மாறினாலும் எண் முழுவதும் மாறிவிடும். நாம் விளக்கம் ஒன்றைச் சேர்த்தாலும் மாறும். அதனால் ஸ்கேன் முடிந்தவுடன், எதையும் எழுதுமுன், ஒவ்வொரு கோப்பின் ஹாஷையும் எடுத்துத் தனியே குறித்து வையுங்கள். தகவல் பகுதியை விட்டுவிட்டுப் படத்துக்கு மட்டும் ஹாஷ் எடுக்கும் வசதியும் எக்ஸிஃப்டூலின் புதிய பதிப்புகளில் வந்திருக்கிறது. பிற்பாடு விளக்கத்தை எத்தனை முறை திருத்தினாலும், படம் தொடப்படவில்லை என்று காட்ட அது உதவும்.

உங்கள் வீட்டுப் படங்களை ஸ்கேன் செய்யக் கொடுக்கிறவர்கள் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பென்சிலால் எழுதியிருப்பதை அப்படியே விளக்கமாக ஏற்றலாம், கையெழுத்தும் மிஞ்சும். பின்னால் ஒன்றும் எழுதாத படங்களாயிருந்தால், வீட்டிலே வயதில் மூத்தவர் இருக்கும்போதே அவரிடம் காட்டி, யார், எந்த ஊர், ஏறக்குறைய எந்த வருஷம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் தெரியும்.